காவலில் ஒருவர் இறந்தால்: அரசின் பதிவேட்டை வைத்தே அரசைக் கேட்பது எப்படி?

1990களின் நடுவில், அமிர்தசரஸில் வங்கி வேலையில் இருந்த ஜஸ்வந்த் சிங் கால்ரா, பஞ்சாபில் காணாமல் போனவர்களைத் தேடிப் போய் நின்ற இடம் சுடுகாடு. அங்கே எந்த நாளில் எத்தனை பிணம் எரிந்தது, யார் கொண்டுவந்தது, விறகு எவ்வளவு செலவானது என்றெல்லாம் எழுதிய பேரேடு இருந்தது. 'அடையாளம் தெரியாத சடலம்' என்று போலீஸ் கொண்டுவந்து எரித்த உடல்களுக்கும் அதில் கணக்கு இருந்தது. கால்ரா அந்தக் கணக்கைப் பிரதி எடுத்து 1995 ஜனவரியில் வெளியிட்டார். உச்ச நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டது. அமிர்தசரஸ், தரன் தாரன், பட்டி ஆகிய மூன்று ஊர் மயானங்களில் மட்டும் 2,097 உடல்கள் இப்படி எரிக்கப்பட்டதாக சிபிஐ சொன்னது. அவர்களில் 585 பேரை அதுவே முழுமையாக அடையாளமும் கண்டது.

ஆளைக் கொன்றவர்கள் விறகுக்குக் கணக்கு எழுதாமல் விடவில்லை. கம்போடியாவின் துவோல் ஸ்லெங் சிறையிலும் இதே கதைதான். அங்கே கொண்டுவரப்பட்ட ஒவ்வொருவரையும் படம் எடுத்து, வாக்குமூலம் எழுதி வாங்கி, கோப்பு கட்டி வைத்தார்கள். சிறைத் தலைவர் டச் மீது 2010இல் தீர்ப்பு வந்தபோது, குறைந்தது 12,272 பேர் அங்கே பலியானதாக நீதிமன்றம் சொல்ல முடிந்ததற்கு அந்தச் சிறையின் சொந்தக் காகிதங்களே பெரிய காரணம்.

அரசு இயந்திரத்துக்கு எழுதாமல் இருக்கத் தெரியாது. நாம் செய்ய வேண்டிய வேலையில் பாதி, அது எங்கே எழுதியது என்று கண்டுபிடிப்பது. மீதிப் பாதி, அது எழுதாமல் விட்டதை உடனே நாம் எழுதி வைப்பது. மனித உரிமை ஆவணப்படுத்தல் என்றால் ஏதோ ஜெனீவா சமாச்சாரம் என்று பலர் நினைக்கிறார்கள். முதல் மூன்று நாளில் ஒரு நோட்டு, ஒரு போன், தபால் நிலையத்தில் ஒரு ரசீது, இவ்வளவுதான் தேவைப்படுகிறது.

இந்த வழிகாட்டியில் காவல் நிலைய மரணத்தையே மைய உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். படிகள் இந்தியச் சட்டப்படி இருக்கும். மற்ற ஆசிய நாடுகளில் யார் என்ன செய்தார்கள் என்பதைத் தேவையான இடத்தில் சொல்கிறேன்.

முதல் வேலை: நோட்டு

பக்க எண் போட்ட ஒரு கணக்கு நோட்டு வாங்குங்கள். தாள் கிழித்தால் தெரிகிற மாதிரி தைத்த நோட்டாக இருக்கட்டும், ஸ்பைரல் வேண்டாம். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று பத்தி: நேரம், நடந்தது, யார் சொன்னது அல்லது எந்தக் காகிதத்தில் இருக்கிறது. இதைக் கால வரிசைத் தாள் என்று வைத்துக்கொள்வோம். கீழே வரும் எல்லா வேலையும் கடைசியில் இந்தத் தாளில் வந்து சேரும்.

எப்படி எழுதக் கூடாது என்பதற்கு ஓர் உதாரணம்: "இரவு போலீஸ் வந்து மகனை அடித்து இழுத்துச் சென்றது."

எப்படி எழுத வேண்டும்: "12ஆம் தேதி, வியாழன். இரவு 9.10க்கும் 9.30க்கும் இடையில். வீட்டு வாசல். காக்கிச் சட்டையில் மூவர், சாதாரண உடையில் ஒருவர். ஒருவரின் தோளில் இரண்டு நட்சத்திரம். வெள்ளை பொலேரோ, எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் 47 என்று நினைவு. சாதாரண உடைக்காரர் வலது கையால் சட்டைக் காலரைப் பிடித்தார். சொன்னவர்: தாய். நேரில் கண்டது. பத்தடி தூரம். தெரு விளக்கு எரிந்தது."

இரண்டு நட்சத்திரம் என்றால் எஸ்.ஐ., மூன்று என்றால் இன்ஸ்பெக்டர். அந்தத் தாய்க்கு அது தெரிய வேண்டியதில்லை, பார்த்ததைச் சொன்னால் போதும். "என்று நினைவு" என்ற சொல்லையும் அடிக்காதீர்கள். சந்தேகம் இருக்கிற இடத்தில் சந்தேகத்தோடு எழுதிய நோட்டைத்தான் நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணையில் உடைப்பது கஷ்டம். எல்லாம் உறுதியாகத் தெரிந்த மாதிரி எழுதியது ஒரே கேள்வியில் விழுந்துவிடும்.

நேரம் கேட்டால் கிராமத்தில் பாதிப் பேர் கடிகாரம் பார்த்துச் சொல்ல மாட்டார்கள். ஓர் அம்மாவிடம் எத்தனை மணி என்று நான்கு முறை கேட்டுப் பார்த்தேன், "ராத்திரிதான்" என்றார். அதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டதும், "கடைசி டவுன் பஸ் திரும்பிப் போச்சு, அதுல என் தங்கச்சி ஏறிப் போனா, நான் வாசல்ல தண்ணி தெளிச்சுட்டு உள்ள வந்தேன்" என்றார். பஸ் டெப்போவில் கேட்டதில் அந்தப் பஸ் ஊரை விட்டுக் கிளம்பும் நேரம் கிடைத்தது. பஸ், பள்ளிவாசல் பாங்கு, சர்ச் மணி, டிவி சீரியல், போனில் வந்த அழைப்பு எல்லாமே கடிகாரம்தான்.

கேட்பது

சாட்சியிடம் பேசுவதற்கு முன் மூன்று தனித்தனி சம்மதம் வாங்க வேண்டும். நான் எழுதிக்கொள்ளலாமா? உங்கள் பெயரைப் போடலாமா? இதை யாரிடமெல்லாம் காட்டலாம், வக்கீலிடமா, ஆணையத்திடமா, பத்திரிகையிடமா? முதலாவதற்குச் சரி என்றவர் மூன்றாவதற்கும் சரி என்றதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பிறகு மனம் மாறினால் சொல்லலாம் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் அவர்களைப் பேச விடுங்கள். "லத்தியால் அடித்தார்களா?" என்று கேட்டால் "ஆமாம்" என்றுதான் வரும், லத்தி இருந்ததோ இல்லையோ. "அப்புறம் என்ன நடந்தது?" என்று மட்டும் கேட்டுக்கொண்டே போங்கள். முழுவதும் சொல்லி முடித்த பிறகு திரும்பிப் போய், எத்தனை பேர், எந்தக் கை, எவ்வளவு தூரம், இதை நீங்களே பார்த்தீர்களா, யாராவது சொன்னார்களா என்று நிரப்புங்கள். அவர்கள் சொன்ன வார்த்தையையே எழுதுங்கள். 'கம்பு' என்றால் கம்பு, அதை 'லத்தி' என்று நீங்கள் திருத்தாதீர்கள். போலீஸ் பேசிய வசவையும் அப்படியே எழுத வேண்டும். சாதிப் பெயர் சொல்லித் திட்டியிருந்தால் வழக்கின் பிரிவே மாறும்.

ஒரே சாட்சியை ஐந்து அமைப்புகள் ஐந்து முறை பதிவு செய்வது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு சிறு விவரம் மாறும், எதிர்த் தரப்பு வக்கீல் அந்த ஐந்தையும் மேசையில் விரித்து வைப்பார். ஒருவர் ஒழுங்காக ஒரு முறை எடுத்தால் போதும், மற்றவர்கள் அந்தப் பிரதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பாலியல் வன்முறை என்றால் நீங்கள் விவரம் தோண்டவே வேண்டாம். மருத்துவ உதவி, அனுபவமுள்ள பெண் வழக்கறிஞர், இந்த இரண்டுக்கும் வழி செய்துவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். குழந்தைகளிடமும் அப்படியே.

படமும் வீடியோவும்

2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் கோயில் காவலாளி அஜித்குமார் போலீஸ் விசாரணையில் இறந்தார். அவரை அடிப்பதை ஒருவர் மறைவிலிருந்து போனில் எடுத்த சில நொடி வீடியோ வழக்கின் போக்கையே மாற்றியது. பிரேதப் பரிசோதனையில் 40க்கு மேற்பட்ட காயங்கள் பதிவாயின. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை நேரடியாகத் தலையிட்டது, வழக்கு சிபிஐக்குப் போனது. சரி, இப்படி ஒரு வீடியோ உங்கள் கைக்கு வந்தால் என்ன செய்வது?

முதலில், எடுத்தவரின் போனில் இருக்கும் மூலக் கோப்பைத் தொடக் கூடாது. வெட்டாதீர்கள், ஃபில்டர் போடாதீர்கள், மேலே எழுதாதீர்கள். வாட்ஸாப்பில் சாதாரணமாக அனுப்பினால் வீடியோ சுருங்கும், எடுத்த நேரம், இடம் போன்ற உள்விவரமும் போய்விடும். கோப்பாக, அதாவது 'டாக்குமெண்ட்' என்ற வழியில் அனுப்பினால் அப்படியே வரும். கேபிள் போட்டு நேராக எடுத்துக்கொள்வது இன்னும் நல்லது.

பிறகு அதன் ஹாஷ் மதிப்பை எடுங்கள். பயப்பட வேண்டாம், கோப்பின் கைரேகை மாதிரி ஒன்று. ஷா-256 என்ற முறையில் எடுத்தால் 64 எழுத்து எண் கலந்த ஒரு வரி வரும். வீடியோவில் ஒரே ஒரு புள்ளி மாறினாலும் இந்த வரி முழுக்க மாறிவிடும். அதை நோட்டில் கையால் எழுதி, தேதி போட்டு, இருவர் கையெழுத்திடுங்கள். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவின் கீழ் மின்னணுச் சான்றோடு தர வேண்டிய சான்றிதழில் இந்த ஹாஷ் மதிப்பைக் குறிப்பிட வேண்டும். அந்தச் சான்றிதழின் ஒரு பகுதியைக் கோப்பை வைத்திருப்பவரும், இன்னொரு பகுதியை நிபுணரும் தர வேண்டும். ப்ரூஃப்மோடு, டெல்லா போன்ற செயலிகள், படம் எடுக்கும்போதே இந்த விவரங்களைச் சேர்த்து வைக்கும்.

நீங்களே படம் எடுக்கும்போது தூரத்திலிருந்து ஒன்று, நடுத்தரமாக ஒன்று, கிட்டத்தில் ஒன்று என்று எடுங்கள். காயத்தைக் கிட்டத்தில் மட்டும் எடுத்தால் அது யார் கை என்றே தெரியாது. அளவு தெரியப் பக்கத்தில் ஒரு ஸ்கேல் வையுங்கள், இல்லாவிட்டால் ஐந்து ரூபாய் நாணயமாவது. காயம் நாளுக்கு நாள் நிறம் மாறும் என்பதால் உயிரோடு இருப்பவர் என்றால் மறுநாளும் அதற்கடுத்த நாளும் எடுக்க வேண்டும். உள்ளங்காலை மறக்காதீர்கள். பாதத்தில் அடிப்பது ஆசியா முழுக்கப் பழகிய முறை, வெளியே அவ்வளவாகத் தெரியாது.

யாரோ அனுப்பிய வீடியோ என்றால், அது அந்த ஊரில்தான் எடுக்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். பின்னால் தெரியும் கடைப் பலகை, தண்ணீர்த் தொட்டி, கோபுரம், டிரான்ஸ்ஃபார்மர் எண் ஆகியவற்றை நேரில் போய்ச் சரிபாருங்கள். நிழல் விழும் திசை நேரத்தைச் சொல்லும். இணையத்தில் கிடைக்கும் படங்களை வழக்குக்குத் தகுந்த மாதிரி சேகரிக்கவும் சரிபார்க்கவும் ஐ.நா. மனித உரிமை அலுவலகமும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் 2020இல் கொண்டுவந்த பெர்க்லி நெறிமுறை இருக்கிறது. இதை வேலையாகவே செய்யப் போகிறவர்கள் படித்துவிடுங்கள்.

உடல்

இங்கேதான் அவசரம் அதிகம். எரித்துவிட்டால் திரும்பக் கிடைக்காது.

காவலில் நடந்த மரணத்தை நீதித்துறை நடுவர்தான் விசாரிக்க வேண்டும், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 196ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. ஆர்.டி.ஓ. விசாரித்தார் என்று சொல்லி முடித்துவிடப் பார்த்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். காவல் மரணம் நடந்த 24 மணி நேரத்துக்குள் மாவட்ட நிர்வாகமோ எஸ்.பி.யோ தேசிய மனித உரிமை ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1993இலிருந்தே உள்ள உத்தரவு. பிரேதப் பரிசோதனையை வீடியோ எடுக்க வேண்டும் என்று 1995இல் அதே ஆணையம் மாநிலங்களுக்கு எழுதியது. 2020 டிசம்பரில் மதுரைக் கிளை ஒரு படி மேலே போய், காவல் மரணங்களில் தடய மருத்துவம் படித்த இரண்டு மருத்துவர்கள் பரிசோதனை செய்ய வேண்டும், குடும்பத்தார் உடலைப் பார்க்க விட வேண்டும், நீதிமன்றம் போகப் போவதாகக் குடும்பம் சொன்னால் உடலை 48 மணி நேரமாவது வைத்திருக்க வேண்டும் என்றது.

ஆகவே பிணவறை வாசலில் செய்ய வேண்டியது இதுதான். பரிசோதனை தொடங்கும் முன் ஒரு வெள்ளைத் தாளில், குடும்பத்தார் பெயரில், நடுவருக்கும் மருத்துவமனை டீனுக்கும் மனு எழுதுங்கள். உடலைப் பார்க்க வேண்டும், வீடியோ எடுக்க வேண்டும், எக்ஸ்ரே எடுக்க வேண்டும், உடைகளைப் பத்திரப்படுத்த வேண்டும், அறிக்கை நகல் வேண்டும். இரண்டு பிரதி எழுதி ஒன்றில் முத்திரையோடு பெற்றதற்கான கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் மறுத்த நேரம், மறுத்தவர் பதவி நோட்டில் ஏற வேண்டும், அதே மனு ஐந்து நிமிடத்தில் மின்னஞ்சலிலும் போக வேண்டும். உடைகளை இப்படி வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. ரத்தம் பட்ட வேட்டியையும் லுங்கியையும் மாற்றச் சொல்லி, பழையது காணாமல் போவது அடிக்கடி நடக்கிறது. வீட்டில் இருக்கும் துணி என்றால் துவைக்காதீர்கள், நிழலில் காயவைத்துக் காகித உறையில் போடுங்கள். பாலித்தீன் பையில் போட்டால் பூஞ்சை பிடிக்கும்.

உடல் புதைக்கப்பட்டிருந்தால் கதவு முழுதாக மூடிவிடவில்லை. பிலிப்பைன்ஸில் 'போதைப்பொருள் போரில்' இறந்தவர்களின் எலும்புகளைத் தோண்டியெடுத்துப் பார்த்த தடய மருத்துவர் ராக்கெல் ஃபோர்ட்டூன், இயற்கை மரணம் என்று இறப்புச் சான்றிதழ் தரப்பட்டிருந்த சிலரின் எலும்பில் துப்பாக்கிக் காயம் இருந்ததைக் காட்டினார். யாழ்ப்பாணத்துச் செம்மணியில் 1998இல் ஒரு ராணுவ வீரர் நீதிமன்றத்தில் சொன்ன ஒரு வாக்குமூலத்தால் மறு வருடம் 15 உடல்கள் எடுக்கப்பட்டன. 2025இல் அதே பகுதியில் மீண்டும் தோண்டியபோது 200க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வந்தன, கூடவே ஒரு பள்ளிக்கூடப் பையும். ஆனால் நாமே மண்வெட்டி எடுத்துக் கிளம்பக் கூடாது. நீதிமன்ற உத்தரவும் தொல்லியல், தடயவியல் ஆட்களும் இல்லாமல் தோண்டினால் சான்று அங்கேயே அழியும். சந்தேக இடத்தை நான்கு பக்கமும் படம் எடுத்து, ஜி.பி.எஸ். குறித்து, வக்கீலிடம் கொடுங்கள்.

காகிதம்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, கொஞ்சம் நீளும்.

ஒருவரைப் பிடித்துக்கொண்டு போனதிலிருந்து அவர் இறக்கும் வரை, அரசு எத்தனை இடத்தில் எழுதியிருக்கும் என்று வரிசையாக யோசியுங்கள். கைதுக் குறிப்பாணை, அதில் ஒரு சாட்சியின் கையெழுத்தும் கைதானவரின் கையெழுத்தும் நேரத்தோடு இருக்க வேண்டும் என்று டி.கே. பாசு வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எஃப்.ஐ.ஆர். ஸ்டேஷன் பொது நாட்குறிப்பு, அதாவது யார் எத்தனை மணிக்கு வெளியே போனார், திரும்பினார் என்று பாரா காவலர் எழுதுவது. ஜீப்பின் பயணப் பதிவேடு. அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேடு. நடுவரின் ரிமாண்ட் உத்தரவு. சிறைக்குள் நுழையும்போது எழுதும் காயக் குறிப்பு. கடைசியாக மீண்டும் மருத்துவமனை. எட்டுக் காகிதம், எட்டுக் கையெழுத்து, எட்டு நேரம். இந்த எட்டுப் பேரும் கூடிப் பேசி ஒரே மாதிரி பொய் எழுதுவது நடக்கிற காரியமில்லை. எங்கேயாவது ஒருவர் தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள உண்மையை எழுதிவைத்திருப்பார். சிறை வார்டன் அப்படிப்பட்டவர். தன் கைக்கு வரும்போதே காயம் இருந்தது என்று எழுதாவிட்டால் நாளைக்குப் பழி தன் மேல் விழும் என்பது அவருக்குத் தெரியும்.

ஏ.ஆர். காப்பி என்று ஆஸ்பத்திரியில் சொல்வார்கள், அந்த விபத்துப் பதிவேட்டு நகலை முதலில் கேளுங்கள். அதில் கொண்டுவந்தவர் யார், எத்தனை மணி, நோயாளி என்ன சொன்னார், காயம் எங்கே என்று இருக்கும். 'கீழே விழுந்ததாகச் சொன்னார்' என்று இருந்தால், அதைச் சொன்னவர் நோயாளியா, பக்கத்தில் நின்ற ஏட்டா என்று பாருங்கள்.

எழுதியதும் உண்மையும் மோதுகிற இடம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு சாத்தான்குளம். 2020 ஜூன் 19 அன்று ஊரடங்கில் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி ஜெயராஜையும் மகன் பென்னிக்ஸையும் போலீஸ் பிடித்தது. இருவரும் தகராறு செய்து தரையில் உருண்டதால் உள்காயம் ஏற்பட்டது என்று எஃப்.ஐ.ஆரில் எழுதினார்கள். பக்கத்துக் கடை சிசிடிவியில் கூட்டமும் இல்லை, உருண்டவரும் இல்லை. ஸ்டேஷனுக்குப் போய் விசாரித்த கோவில்பட்டி நடுவர், லத்தியிலும் மேசையிலும் ரத்தக் கறை இருந்ததாகப் பெண் தலைமைக் காவலர் ஒருவர் சொன்னதை உயர் நீதிமன்றத்துக்கு எழுதினார். விசாரணைக்கு இடைஞ்சல் செய்தார்கள் என்பதால் ஸ்டேஷனையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவர உத்தரவானது. அந்த எஃப்.ஐ.ஆர். எழுதப்படாமல் இருந்திருந்தால் பொய்யை நிரூபிக்க ஒரு பொருளே இருந்திருக்காது.

இந்தக் காகிதங்களைக் கேட்டு வாங்க, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஆர்.டி.ஐ. மனு போடுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மாவட்டக் காவல் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பினால் போதும். 'ஏன் அடித்தீர்கள்?' என்று கேட்டால் 'தகவல் இல்லை' என்றுதான் பதில் வரும், ஏனென்றால் அந்தச் சட்டத்தில் கேட்க முடிவது பதிவில் இருக்கும் தகவலைத்தான். காகிதத்தைக் கேளுங்கள்: "12ஆம் தேதி மாலை 6 மணி முதல் 13ஆம் தேதி மாலை 6 மணி வரை பொது நாட்குறிப்பின் சான்றிட்ட நகல்", "அதே நேரத்துக்கு ஜீப் பயணப் பதிவேட்டின் நகல்", "பணிப் பட்டியல் நகல்", "தேசிய மனித உரிமை ஆணையத்துக்கு அனுப்பிய 24 மணி நேர அறிக்கையின் நகல்". ஒரு மனுவில் நான்கு கேள்விக்கு மேல் வேண்டாம். ஆள் இன்னும் காவலில் உயிரோடு இருந்தால், உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்டது என்று மேலே பெரிதாக எழுதுங்கள், 48 மணி நேரத்தில் பதில் தர வேண்டும். விசாரணை நடக்கிறது என்று சொல்லி மறுப்பார்கள். 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போடுங்கள். மறுத்த கடிதமும் ஒரு சான்றுதான், பத்திரமாக வையுங்கள்.

ஆள் எங்கே என்றே தெரியவில்லை என்றால் ஆர்.டி.ஐ.க்காகக் காத்திருக்காமல் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு. இலங்கையிலும் இந்த வழி உண்டு. பிலிப்பைன்ஸில் 2007இலிருந்து அம்பாரோ என்ற தனி மனு இருக்கிறது. அதில் 'எங்களிடம் இல்லை' என்று சும்மா மறுத்துவிட்டுப் போக முடியாது, தேட என்ன செய்தோம் என்று அதிகாரி சொல்லியாக வேண்டும்.

காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு 2017 பிப்ரவரியிலிருந்து இலங்கையின் கிளிநொச்சியில் தெருவோரம் உட்கார்ந்திருக்கும் தாய்மாரிடம் ஆளுக்கொரு காகிதக் கட்டு இருக்கிறது. பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டு, மனித உரிமை ஆணைக்குழுவின் இலக்கம், செஞ்சிலுவைச் சங்கத்தின் தாள், ஒவ்வொரு ஆணைக்குழுவின் முன்னும் சாட்சியமளித்த அழைப்புக் கடிதம். அரசு தேடவே இல்லை என்பதற்கு அந்தக் கட்டை விடப் பெரிய ஆவணம் யாரிடமும் கிடையாது.

சிசிடிவி: இன்றைக்கே எழுதுங்கள்

2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லாக் காவல் நிலையத்திலும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம், முடியாவிட்டால் ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்றது. நடப்பில் 'கேமரா ரிப்பேர்' என்ற பதில்தான் அதிகம். சாத்தான்குளம் ஸ்டேஷனில் ஹார்ட் டிஸ்கில் இடம் நிறைய இருந்தும், தினமும் தானாக அழியும்படி செட்டிங் வைத்திருந்ததை நடுவர் கண்டார்.

அதனால் முதல் நாளே, எஸ்.பி.க்கும் நடுவருக்கும் ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம்: இந்த ஸ்டேஷனின் இந்தத் தேதிப் பதிவை அழிக்காமல் வைக்க வேண்டும், இது விசாரணைக்குரிய சான்று. இந்தக் கடிதத்துக்குப் பிறகு அழிந்தால், 'தெரியாமல் அழிந்தது' என்று சொல்ல அவர்களுக்கு வாய் இருக்காது. தபால் ரசீதை நோட்டில் ஒட்டுங்கள்.

ஸ்டேஷன் கேமராவை விடத் தெருக் கேமரா பெரும்பாலும் உதவும். வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரைக்கும் நடந்து போய் இரண்டு பக்கமும் இருக்கும் கேமராக்களைக் குறியுங்கள். மளிகைக் கடை, நகைக்கடை, ஏ.டி.எம்., பெட்ரோல் பங்க், கல்யாண மண்டபம். சிறு கடைகளில் ஒரு வாரம், பத்து நாளில் பழையது மேல் புதியது பதிந்துவிடும். கடைக்காரருக்குப் பயம் இருக்கும், நியாயமான பயம். வற்புறுத்தாமல், கேமரா பதிவாகும் டி.வி.ஆர். பெட்டியின் கடிகாரம் எத்தனை நிமிடம் முன்னே பின்னே ஓடுகிறது என்பதை மட்டுமாவது உங்கள் போன் கடிகாரத்தோடு ஒப்பிட்டு எழுதிக்கொள்ளுங்கள். பதிவைப் பின்னால் நீதிமன்றம் கேட்டு வாங்கினாலும் அந்த வித்தியாசம் தேவைப்படும். 2017 ஆகஸ்டில் மணிலாவை ஒட்டிய கலோகனில் 17 வயது கியான் தெலோஸ் சாண்டோஸ் போலீஸை நோக்கிச் சுட்டான், அதனால் சுட்டோம் என்றார்கள். தெருக் கேமராவில் ஒரு பையனை இரண்டு பேர் இழுத்துக்கொண்டு போவது தெரிந்தது. மறு வருடம் நவம்பரில் மூன்று போலீசாருக்குக் கொலைக் குற்றத்துக்காகத் தண்டனை கிடைத்தது.

பெயர்ப் பட்டியலை எங்கே வைப்பது?

2013 மே மாதம் டாக்காவில் ஹெஃபாசத் என்ற இஸ்லாமிய அமைப்பின் பேரணி மீது நடந்த ஒடுக்குமுறையில் 61 பேர் இறந்ததாக வங்கதேசத்தின் ஒதிகார் அமைப்பு அறிக்கை வெளியிட்டது. அந்த 61 பேரின் பெயர், முகவரியைக் கொடு என்றது அரசு. குடும்பங்களுக்குப் பாதுகாப்பு உறுதியானால் ஒழியத் தர மாட்டோம் என்றது ஒதிகார். ஆகஸ்டில் அதன் செயலாளர் ஆதிலுர் ரஹ்மான் கான் கைதானார், அலுவலகக் கணினிகளைப் போலீஸ் எடுத்துச் சென்றது. பத்து ஆண்டு கழித்து 2023இல் அவருக்கு இரண்டு ஆண்டுச் சிறை விதித்தார்கள். ஆட்சி மாறிய பிறகு 2024 ஆகஸ்டில் இடைக்கால அரசில் அவரே ஆலோசகர் ஆனார் என்பது தனிக் கதை.

கணினி எடுத்துச் செல்லப்படும் என்று நினைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள். நோட்டில் சாட்சிகளுக்குப் பெயருக்குப் பதில் 'ச1', 'ச2' என்று எழுதி, எது யார் என்ற சாவித்தாளை வேறு ஒருவர் வீட்டில், முடிந்தால் வேறு ஊரில் வையுங்கள். கோப்புகளுக்கு மூன்று பிரதி, அதில் ஒன்று ஊருக்கு வெளியே. போனுக்கு விரல்ரேகைப் பூட்டை எடுத்துவிட்டு நீளமான எண் பூட்டு போடுங்கள், விரலைப் பிடித்து வைத்துத் திறப்பது சுலபம். வாட்ஸாப் குழுவில் சாட்சியின் படத்தைப் போடும் உற்சாகி ஒவ்வொரு ஊரிலும் ஒருவர் இருப்பார், அவரை முதல் நாளே தனியாகக் கூப்பிட்டுப் பேசிவிடுங்கள்.

உங்களுக்கும் ஆபத்து இருக்கிறது. கால்ராவை 1995 செப்டம்பர் 6 அன்று அமிர்தசரஸில் அவர் வீட்டு வாசலிலிருந்து கடத்தினார்கள், கொன்றார்கள். 2005இல் ஆறு போலீசாருக்குத் தண்டனை கிடைத்தது. ஆனால் அதற்குள் மயானக் கணக்கின் பிரதிகள் அவர் கையை விட்டுப் போய்விட்டிருந்தன. தனியாக எங்கேயும் போகாதீர்கள், போகுமுன் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள், திரும்பும் நேரத்தையும் சேர்த்து.

எங்கே கொடுப்பது?

மனித உரிமை ஆணையங்களில் சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் புகார் தர வேண்டும். இதில் ஒரு பொறி இருக்கிறது: மாநில ஆணையத்தின் முன் நிலுவையில் இருக்கும் விஷயத்தைத் தேசிய ஆணையம் எடுக்காது. ஆர்வக்கோளாறில் எல்லோரும் எல்லா இடத்திலும் மனு போட்டால் எங்கே போக விரும்பினீர்களோ அங்கே கதவு சாத்தப்படலாம். வக்கீலோடு பேசி ஓரிடத்தைத் தேர்ந்தெடுங்கள். மாநில ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு சொல்லியிருப்பதைக் கணக்கில் வையுங்கள்.

வெளிநாட்டுக் கதவுகளும் உண்டு. காணாமல் ஆக்கப்பட்டோருக்கான ஐ.நா. செயற்குழு 1980இலிருந்து இயங்குகிறது, குடும்பத்தார் நேரடியாக எழுதலாம். மியான்மருக்கென்று 2018இல் தனி விசாரணைப் பொறிமுறை அமைத்தார்கள். இலங்கை தொடர்பான சான்றுகளைத் திரட்டிப் பாதுகாக்க 2021 மார்ச் தீர்மானத்துக்குப் பிறகு ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தில் ஒரு பிரிவு வேலை செய்கிறது. இந்தியா சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் 1997இல் கையெழுத்துப் போட்டது, இன்றுவரை உறுதி செய்யவில்லை. அதனால் இந்திய வழக்கில் அந்த உடன்படிக்கையின் கீழ் இயங்கும் ஐ.நா. குழுவுக்குப் போவோம் என்று யாராவது சொன்னால் நேரம் வீண்.

பத்திரிகைக்கு எப்போது போவது என்று கேட்பார்கள். பரிசோதனை மனுவும் சிசிடிவி கடிதமும் போய்ச் சேர்ந்த பிறகு, அதே நாளில். அதற்கு முன் போனால் ஸ்டேஷனில் சுத்தம் செய்ய ஆரம்பித்துவிடுவார்கள்.

கடைசியில் அறிக்கை எழுதும்போது கால வரிசைத் தாளைச் சுத்தமாக எழுதி நடுவில் ஒரு கோடு போடுங்கள். இடது பக்கம் அரசு எழுதியது, வலது பக்கம் நாம் கண்டது. இரண்டு பக்கமும் மோதுகிற இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். உரிச்சொல்லே வேண்டாம். 'காட்டுமிராண்டித்தனமாக' என்று எழுதினால் படிக்கிற அதிகாரி அந்தச் சொல்லைப் பற்றித்தான் யோசிப்பார். 'வலது தொடையின் பின்புறம், 14 செ.மீ. நீளம், ஒன்றுக்கொன்று இணையான இரண்டு கோடு' என்று எழுதினால் காயத்தைப் பற்றி யோசிப்பார்.

ஒரு முழுப் பிரதியைக் குடும்பத்துக்குக் கொடுங்கள். வழக்கு பத்து ஆண்டு ஓடும், வக்கீல் மாறுவார், நீங்களும் வேறு ஊருக்குப் போயிருப்பீர்கள். ரேஷன் கார்டும் நிலப் பட்டாவும் இருக்கும் அந்தத் தகரப் பெட்டியில், பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, மேலே சிசிடிவி கடிதத்தின் தபால் ரசீது தெரிகிற மாதிரி வைக்கச் சொல்லுங்கள். ரசீது வெயிலில் எழுத்து மங்கும் தாள், அதனால் ஒரு ஜெராக்ஸும் சேர்த்து.